பலகை வீட்டுக்கு முட்டுக்கொடுத்த கதை

வீடு வாங்கிய செய்தியை நான் உலகத்துக்கு இப்படித்தான் அறிவித்தேன். லண்டனில் இருக்கும் அக்காவுக்கு, "கல்வீடு வாங்கிப்போட்டன்" என்றேன். பாரிசில் இருக்கும் தம்பிக்கு, "மேல்வீடு வைச்ச கல்வீடு" என்றேன். ஜேர்மனியில் இருக்கும் சித்தப்பா எனக்குச் சுகமோ என்றுதான் கேட்டார். "செங்கல், சித்தப்பா. நாலு பக்கமும் செங்கல்" என்று பதில் சொன்னேன்.

யாழ்ப்பாணத்து ஆளுக்கு வீட்டில் இரண்டே வகைதான். ஒன்று கல்வீடு. மற்றதைப் பற்றிக் கல்யாணம் பேசும்போது யாரும் வாய் திறப்பதில்லை. இதிலே என் நோய் இன்னும் கொஞ்சம் முற்றியது. ஊரில் நான் ஒரு சீமெந்துத் தொழிற்சாலையில் எழுதுவினைஞராக இருந்தவன். சீமெந்து குழைத்தவன் அல்ல. மூட்டை தூக்கியவன்கூட அல்ல. மின்விசிறிக்குக் கீழே இருந்து 'சீமெந்து' என்ற சொல்லை அழகான கையெழுத்தில் எழுதியவன். ஆனாலும் எழுதி எழுதியே ஒரு விசுவாசம் பிடித்துவிட்டது. தொண்ணூறுகளில், குடியேறிய இந்தக் குளிர்நாட்டில், மோர்னிங்சைட் பக்கம் புதிதாக முளைத்த தெருவொன்றில் அந்தச் சிவப்புச் செங்கல் வீட்டைக் கண்டதும், பழைய முதலாளியைச் சந்தையில் கண்டவன் மாதிரி எனக்கு உடம்பு தானாகவே வளைந்தது.

குடிபுகுந்த மறுநாள் சுவாமிப்படம் மாட்ட ஆயத்தமானேன். மனைவி படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். செங்கல் சுவருக்கு எவ்வளவு பலம் வேண்டும் என்று எனக்குத் தெரியும். அந்தப் பலம் முழுவதையும் திரட்டி ஆணியில் ஒரே அடி அடித்தேன். ஆணி உள்ளே போனது. சுத்தியலும் போனது. சுத்தியலைப் பிடித்திருந்த கை மணிக்கட்டு வரை போனது.

"சுவருக்குள்ளை என்ன தேடுறியள்?" என்று மனைவி கேட்டாள்.

நான் கையை வெளியே எடுத்தேன். வெள்ளைப் பொடி. நான் சுவர் என்று நம்பியிருந்தது, சுண்ணாம்புப் பொடியைக் கடதாசிக்குள் வைத்து அழுத்திய ஒரு தட்டு. அதற்குப் பின்னால் வெறும் இருட்டு. எட்டிப் பார்த்தேன். கொஞ்சம் தள்ளி ஒரு பலகைச் சட்டம் நின்றது. அதற்கப்பால் இன்னொன்று.

எங்கள் பின்தெருவில் அப்போது இன்னும் வீடுகள் கட்டிக்கொண்டிருந்தார்கள். செருப்பைக்கூட மாற்றாமல் அங்கே ஓடினேன். ஒரு வீடு தோலில்லாமல் நின்றது. மேலிருந்து கீழ்வரை பலகை. நிலம் பலகை, சுவர் பலகைச் சட்டம், கூரை பலகை. இரண்டு பேர் ஆணி அடிக்கிற துப்பாக்கியால் 'டப் டப்' என்று சுட்டு, வானத்துக்குக் கீழே ஒரு பெரிய கோழிக்கூட்டைச் செய்துகொண்டிருந்தார்கள். அடுத்த காணியில் அதே மாதிரியான கூடு முடிந்துவிட்டது. அதற்கு வெளியே ஒரு ஆள் சாவகாசமாகச் செங்கல் அடுக்கிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளைக்குக் கோட்டுப் போட்டுவிடுகிற மாதிரி. அப்போதுதான் விளங்கியது. நான் கட்டிக்கொண்டது மாப்பிள்ளையை அல்ல, அவர் போட்ட கோட்டை.

வீட்டுக்கு வந்து கதிரையில் மெதுவாக இருந்தேன். அன்றுதான் முதல்முறை மெதுவாக இருந்தேன்.

"பலகை" என்றேன்.

"என்ன பலகை?"

"நாங்கள் இருக்கிற வீடு. முழுக்கப் பலகை."

மனைவி படத்தை அலுமாரியில் சாய்த்து வைத்துவிட்டு, "இந்த நாட்டிலை எல்லாரும் உதுக்குள்ளைதானே இருக்கினம்" என்றாள்.

"எல்லாரும் எரிஞ்சா நாங்களும் எரியிறதோ?"

"இப்ப ஆர் எரியினம்?"

அடுத்த நாள் அவள் வடை சுடும்போது ஒரு வாளி தண்ணீரோடு பக்கத்தில் போய் நின்றேன்.

"எண்ணெய்ச் சட்டிக்குத் தண்ணி ஊத்தினா வீடு பேந்துதான் எரியும். முதல் எரியிறது நீங்கள்" என்றாள் அவள். வாளியை வைத்துவிட்டு வடையை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியேறினேன்.

பிறகு கறையான் பயம் வந்தது. ஒரு கரண்டியோடு வீடு முழுக்கச் சுவரைத் தட்டித் தட்டிக் கேட்டேன். கேட்டு என்ன கண்டுபிடிக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. வைத்தியர் நெஞ்சில் தட்டிக் கேட்கிறாரே, அந்த மாதிரி. ஒருநாள் குசினியில் ஒரு எறும்பைக் கண்டேன். தனி எறும்பு. ஒற்றனாகத்தான் இருக்கும் என்று ரோர்ச் லைற்றோடு பின்னால் தவழ்ந்து போனேன். அது அலுமாரி ஏறி, தட்டுத் தாண்டி, சீனிப் பேணிக்குள் போய்விட்டது. வீட்டைத் தின்ன வந்த எறும்புக்குச் சீனி என்னத்துக்கு? எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

குளிர் இறங்கத் தொடங்கியதும் வீடு பேச ஆரம்பித்தது. பின்னேரத்தில் ஹீற்றர் நிற்கும். கொஞ்ச நேரம் அமைதி. பிறகு எங்கிருந்தோ 'டக்' என்று ஒரு சத்தம். மரம் குளிரில் சுருங்குகிற சத்தம் என்று எல்லோரும் சொன்னார்கள். சரி. ஆனால் சுருங்குகிற வீட்டுக்குள் நாங்கள் சுருங்காமல் இருக்கிறோமே, அதற்கு யார் பொறுப்பு?

என் பயத்துக்கு எண்ணெய் விட ஒருவன் இருந்தான். மனைவியின் தம்பி. பக்கத்தில் ஒரு இரும்புச் சாமான் கடையில் பெயின்ற் கலக்கிற வேலை. அதனால் வீடு கட்டுகிற சாத்திரம் முழுவதும் தனக்கு அத்துப்படி என்பது அவனுடைய எண்ணம். ஒவ்வொரு பின்னேரமும் வந்து தேநீரைக் குடித்துவிட்டு எனக்கு ஒரு புதுப் பயத்தை வைத்துவிட்டுப் போவான்.

"அத்தான், சூறாவளி அடிச்சா இந்த வீடுகள் அப்பிடியே கிளம்பிப் போய் அடுத்த தெருவிலை இருக்குமாம். கடிதம் மட்டும் இஞ்சை வரும்."

"உண்மையாவோ?"

"பயப்பிடாதேங்கோ. இஞ்சை சூறாவளி வராது. இஞ்சை ஸ்னோதான். கூரைக்கு மேலை கட்டிநிண்டு மெல்ல மெல்ல அமத்தும்."

இந்த அழகில் இருக்கும்போதுதான் நடனம் வந்தது.

என் மகளுக்கு அப்போது பதினாலு வயது. பரதநாட்டியம் பழகிக்கொண்டிருந்தாள். ரீச்சரின் ஆண்டு நிகழ்ச்சியில் கடைசி உருப்படி ஒரு தில்லானா. அதை ஆட அவளையும் அவளுடைய மூன்று சிநேகிதிகளையும் ரீச்சர் தெரிந்தெடுத்திருந்தார். அந்தச் செய்தியைக் கேட்ட நாளிலிருந்து என் மகள் வீட்டில் நடக்கவே இல்லை. பல்லுத் தீட்டும்போதுகூட இடுப்பில் கை.

சிக்கல் என்னவென்றால், ஆடிப் பழக இடம் இல்லை. மற்ற மூன்று பிள்ளைகளும் அப்பாட்மென்ற்காரர். அங்கே ஒரு தட்டுத் தட்டினால் கீழ்வீட்டுக்காரர் தும்புத்தடியால் மேலே மூன்று தட்டுத் தட்டுவார். ஆகவே ரீச்சரின் கண் எங்கள் வீட்டில் விழுந்தது.

"அண்ணை, உங்கடை வீட்டு ஹோல் பெரிசெண்டு பிள்ளை சொல்லுறாள். சனிக்கிழமையிலை அங்கை பழகலாமோ?" என்று போனில் கேட்டார்.

எனக்கு முன்னால் மகள் இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு நின்றாள். இடம் கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை ரீச்சர் ஏற்கெனவே பிள்ளைகளுக்குச் சொல்லியிருந்தார். பக்கத்து நகரமான மிசிசாகாவிலும் அவருக்கு ஒரு வகுப்பு இருந்தது. அங்கே பெரிய மண்டபம். தில்லானா அந்தப் பிள்ளைகளுக்குப் போய்விடும்.

"தாராளமா, ரீச்சர்" என்றேன். பெருமையில் வாய் முந்திவிட்டது.

முதல் சனிக்கிழமை. நான்கு பிள்ளைகளும் ஹோலின் நடுவில் அரைமண்டியில் இருந்தார்கள். நான் தேநீரோடு கதிரையில். ரீச்சர் தட்டுக்கழியை எடுத்து, "தெய்யா தெய்" என்றார். எட்டுக் கால்கள் ஒன்றாக நிலத்தில் இறங்கின.

கண்ணாடி அலுமாரிக்குள் இருந்த கிளாஸ்கள் எல்லாம் ஒன்றை ஒன்று விசாரித்தன. மேலே தொங்கிய விளக்கு ஊஞ்சலாடியது. என் கதிரை தானாக ஒரு அங்குலம் முன்னால் வந்தது. தேநீர் என் மடியில். அதற்குள் இரண்டாவது தெய்யா தெய்.

நான் எழுந்து கதவு நிலைக்குக் கீழே போய் நின்றேன். நிலநடுக்கத்துக்கு அங்கேதான் நிற்க வேண்டும் என்று எங்கேயோ படித்திருந்தேன்.

"அப்பா, என்ன செய்யிறீங்க? யூ ஆர் எம்பராசிங் மீ!" என்றாள் மகள், மூச்சு வாங்கிக்கொண்டு.

"ஒண்டுமில்லை பிள்ளை, நீ ஆடு. மெதுவா ஆடு."

"தில்லானாவை மெதுவா ஆடேலாது அப்பா."

அன்று இரண்டு மணித்தியாலம் அந்த நிலைக்குக் கீழே நின்று நான் செத்துச் செத்துப் பிழைத்தேன். நிலத்துக்கு அடியில் வெறும் பலகை. நான் பின்தெருவில் கண்ட அதே பலகை. அதன்மேல் என் பிள்ளையும் மூன்று ஊரார் பிள்ளைகளும். வீடு பொத்தென்று விழுந்தால் மூன்று தகப்பன்மாருக்கு நான் என்ன சொல்வது? "பிள்ளையளுக்கு ஒண்டுமில்லை, பேஸ்மென்றிலைதான் நிக்கினம்" என்றா?

பேஸ்மென்ற்!

அந்தச் சொல் வந்தவுடன் என் தலைக்குள் வெளிச்சம் அடித்தது. அந்த வீட்டில் என் மரியாதைக்குரிய ஒரே இடம், வீட்டுக்கு அடியில் இருந்த அந்த நிலவறை, பேஸ்மென்ற்தான். அங்கே சீமெந்து இருந்தது. சுற்றிவர சீமெந்து, நிலம் சீமெந்து. அடுத்த சனிக்கிழமை பிள்ளைகள் வருவதற்கு முன்னால் பெட்டி சட்டிகளை ஒதுக்கி, கூட்டி, துடைத்து வைத்தேன். ரீச்சருக்கு அந்த வாரமும் அடுத்த வாரமும் மிசிசாகாவில் வகுப்பு. பிள்ளைகள் தாங்களாகவே பழக வேண்டும். நல்லதாகப் போயிற்று.

"இஞ்சை ஆடுங்கோ. நிலமெண்டா இது நிலம்" என்று சொல்லி நானே ஒருமுறை காலால் ஓங்கித் தட்டிக் காட்டினேன். ஒரு சத்தமும் இல்லை. ஒரு அசைவும் இல்லை. குதிகாலில் இருந்து மண்டை வரை விண்ணென்று ஒரு வலி போனது. அதை நான் பலத்தின் அடையாளம் என்று எடுத்துக்கொண்டேன்.

"இட்ஸ் லைக் டான்சிங் ஒன் த ரோட்" என்றாள் சிநேகிதிகளில் ஒருத்தி.

"ரோட்டு விழுறதில்லை, பிள்ளை" என்றேன்.

ஆடினார்கள். மேலே கிளாஸ்கள் அமைதியாக நின்றன. விளக்கு அசையவில்லை. நான் மேலே ஹோல் கதிரையில் காலை நீட்டி, நெடுநாளைக்குப் பிறகு ஒரு கோப்பைத் தேநீரை முழுவதுமாக வாய்க்குள் ஊற்றினேன்.

இரண்டு கிழமையில் மகள் படிகளில் நண்டு மாதிரிப் பக்கவாட்டில் இறங்கத் தொடங்கினாள். கேட்டால் "ஒண்டுமில்லை." பள்ளிக்கூட பஸ் கண்முன்னால் போனாலும் ஓடவில்லை. மனைவி முழங்காலுக்குக் கீழே எண்ணெய் தேய்த்துவிட்டாள். எண்ணெய் பட்டதும் பிள்ளை பல்லைக் கடித்தாள். வலி என்று சொன்னால் ஆட விடமாட்டார்களே என்ற பயம் அவளுக்கு. அந்த வீட்டில் பயப்படத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்று நினைத்திருந்தேன்.

நாலாம் சனிக்கிழமை ரீச்சர் வந்தார். பேஸ்மென்ற் படிகளில் இறங்கி, ஆடுகிற நான்கு பிள்ளைகளையும் ஒரு நிமிடம் பார்த்தார். தட்டுக்கழியைக் கீழே வைத்தார். என் மகளைக் கிட்டக் கூப்பிட்டு, முழங்காலுக்குக் கீழே விரலால் ஒரு இடத்தில் அமத்தினார். மகள் "ஆ" என்று துள்ளினாள்.

ரீச்சர் என் பக்கம் திரும்பினார். "அண்ணை, மேலை இருந்தது பலகை நிலம் இல்லையோ?"

நான் தலையைக் குனிந்துகொண்டு, குடும்ப மானத்தை விடுகிற குரலில், "முழு வீடுமே பலகைதான், ரீச்சர்" என்றேன்.

"பேந்து ஏன் பிள்ளையளைச் சீமெந்திலை குதிக்க விட்டனீங்கள்?"

"சீமெந்து பலம் எண்டு..."

"சீமெந்துக்குப் பலம்தான். பிள்ளையின்ரை காலுக்கோ? காலை வைக்கேக்கை நிலம் கொஞ்சம் விட்டுக்குடுக்கவேணும், அண்ணை. சீமெந்து விட்டுக்குடுக்காது. அப்ப முழங்கால்தான் விட்டுக்குடுக்கும். பலகை நிலத்துக்காகத்தானே உங்கடை வீட்டைக் கேட்டனான்!"

அவ்வளவு காலமும் நான் ஒளித்துவைத்த குறைக்காகத்தான் அவர் என் வீட்டைக் கேட்டிருக்கிறார். கல்வீடு என்று நம்பியிருந்தால் வந்திருக்கவே மாட்டார்.

"இந்தக் கிழமை ஒருத்தரும் ஆடக்கூடாது. காலுக்கு ஐஸ் வையுங்கோ. அடுத்த சனிக்கிழமை மேலை ஆடுவம். மேலை ஆடேலாதெண்டா இப்பவே சொல்லிப்போடுங்கோ. தில்லானாவை மிசிசாகாப் பிள்ளையளுக்குக் குடுக்கிறன்."

அன்று மகள் சோபாவில் கால்களை நீட்டி, இரண்டு பக்கமும் ஐஸ்பையோடு படுத்திருந்தாள். நான் பக்கத்தில் போய் இருந்தேன். மெதுவாகத்தான்.

"அப்பா, ப்ளீஸ். வீடு விழாது."

"விழுந்தா?"

"விழுந்தா நாங்க ஆடிக்கொண்டே விழுறம். ரீச்சருக்கு அது ஓகே."

நான் சிரித்தேன். மேலே ஆடட்டும் என்றும் சொன்னேன். ஆனால் மனத்துக்குள் நான் இன்னும் சீமெந்துத் தொழிற்சாலை ஆள்தான். மனைவியின் தம்பியைப் போனில் பிடித்தேன்.

"உன்ரை கடையிலை வீட்டுக்கு முட்டுக்குடுக்கிற சாமான் ஏதும் இருக்கோ?"

"இருக்கு அத்தான். இரும்புத் தூண். மேலை திருகு இருக்கும். கம்பியாலை சுத்தச் சுத்த உயரும். யானையைக்கூடத் தூக்கலாம்."

யானை என்று அவன் சொல்லியிருக்கக்கூடாது. எனக்கு ஆசை வந்துவிட்டது.

சனிக்கிழமை பிள்ளைகள் வருவதற்குச் சற்று முன் அவனும் நானும் பேஸ்மென்றில் அந்தத் தூணை நிறுத்தினோம். ஹோலின் நடுவுக்கு நேர் கீழே. மேலே ஓடும் பலகைச் சட்டங்களுக்குக் குறுக்காக ஒரு மரத்துண்டை வைத்து, அதற்குத் தூணை முட்டக்கொடுத்து, திருகைச் சுற்றினோம். தூண் இறுகியது. அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"இன்னுமொரு சுத்து" என்றேன்.

"போதும் அத்தான்."

"நாலு பிள்ளையளடா. இன்னுமொரு சுத்து."

எங்கேயோ 'கிரீக்' என்றது. நான் அதை நன்றி என்று எடுத்துக்கொண்டேன். இன்னுமொரு சுற்று. மேலே ரீச்சர் வந்துவிட்ட சத்தம் கேட்டது. பிள்ளைகள் கலகலவென்று கதைத்தார்கள். "வோஷ்றூம் எங்கை, தங்கச்சி?" என்று ரீச்சர் கேட்பதும், மனைவி காட்டுவதும், கதவு சாத்துவதும் கேட்டது. ஹோலுக்குப் பக்கத்திலேயே ஒரு குட்டி வோஷ்றூம். நான் கடைசியாக, மனத்திருப்திக்காக, இன்னும் இரண்டு சுற்றுச் சுற்றினேன்.

கொஞ்ச நேரத்தில் மனைவியின் குரல் படியால் உருண்டு வந்தது. "இஞ்சாருங்கோ! கதவு திறக்குதில்லை. ரீச்சர் உள்ளுக்கை மாட்டுப்பட்டிட்டா!"

ஓடிப் போனேன். கதவு நிலை கோணிக்கொண்டு நின்றது. மேல் மூலையில் இருந்து சுவரில் மின்னல் மாதிரி ஒரு வெடிப்பு. நான் தள்ளினேன், மனைவி தள்ளினாள், பிள்ளைகள் வரிசையாகத் தள்ளினார்கள். கதவு அசையவில்லை. மரம் பலமில்லை என்று சொன்னது யார்?

"அண்ணை, என்ன நடக்குது?" என்று உள்ளேயிருந்து குரல்.

"சின்ன விஷயம் ரீச்சர். வீடு கொஞ்சம் உயர்ந்திட்டுது."

மனைவி என்னைப் பார்த்தாள். "என்ன செய்தனீங்கள்?"

"முட்டுக்குடுத்தனான்."

"இறக்குங்கோ!"

கீழே ஓடிக் கம்பியைப் பிடித்து வேகமாகச் சுற்றினேன். மேலேயிருந்து, "ஐயோ, இன்னும் இறுகுது!" என்று கத்தல்.

"அத்தான், உது ஏத்திற பக்கம்" என்றான் தம்பி.

"எனக்குத் தெரியும். ஒருக்கா ஏத்தித்தான் இறக்கவேணும்."

"ஆர் சொன்னது?"

"பேசாமல் நில்லடா."

அந்த நேரம் மேலே ஒரு அதிசயம் நடந்தது. ரீச்சர் நேரத்தை வீணாக்குகிற ஆள் அல்ல. எங்கள் ஆட்களின் வோஷ்றூமில் ஒரு பிளாஸ்ரிக் வாளி இல்லாமல் இருக்காது. அதை உள்ளே கவிழ்த்து வைத்து, பல்தூரிகைப் பிடியாலோ எதாலோ தட்டத் தொடங்கிவிட்டார். டக் டக் டக். மூடிய கதவுக்குள்ளிருந்து கணீரென்று, "பிள்ளையள், நிரைக்கு வாங்கோ! முதல்லை இருந்து. தெய்யா தெய்!"

எட்டுக் கால்கள் இறங்கின. என் தலைக்கு மேலே இடி. நானும் தம்பியும் கம்பியைப் பிடித்தபடி ஒருவரை ஒருவர் பார்த்தோம். அவன் கண்ணில் சிரிப்பு முட்டிக்கொண்டு நின்றது. என்னிடமிருந்தும் ஒரு சத்தம் வெளிப்பட்டது. பயமா சிரிப்பா என்று தெரியவில்லை. இரண்டும் ஒரே இடத்திலிருந்துதான் வருகிறது போலிருக்கிறது.

திடீரென்று வாளி நின்றது. "நிப்பாட்டுங்கோ! நடுவிலை நிக்கிறது ஆர்?"

"நான், ரீச்சர்" என்றாள் என் மகள்.

"உன்ரை தட்டு ஏன் செத்த சத்தமாக் கேக்குது? மற்றவையின்ரை துள்ளிக் கேக்குது."

"ரீச்சர், இந்த இடம் மட்டும் பேஸ்மென்ற் மாதிரி ஹார்டா இருக்கு. கால் நோகுது."

நான் தூணைப் பார்த்தேன். அது என் பிள்ளையின் காலுக்கு நேர் கீழே நின்றது. சீமெந்திலிருந்து அவளை மேலே அனுப்பிவிட்டு, சீமெந்தை இரும்பால் நீட்டி அவளுடைய பாதத்திலேயே கொண்டுபோய் ஒட்டியிருக்கிறேன்.

"அண்ணை! கீழை என்ன வைச்சிருக்கிறியள்?"

"ஒண்டுமில்லை ரீச்சர். ஒரு சின்ன உதவி."

"உதவியை எடுங்கோ."

"எடுக்கிறன். பிள்ளையள் கொஞ்சம் தள்ளி, சுவர்ப்பக்கமா..."

"ஒருத்தரும் தள்ளி நிக்கமாட்டினம். அவையள் ஆடிக்கொண்டிருக்க எடுங்கோ. நீங்கள் உந்தப் பயத்தோடை ஒவ்வொரு சனிக்கிழமையும் கீழை ஒரு இரும்பை வைப்பியள். அப்பிடியெண்டா இந்தக் கதவு திறந்ததும் நான் நேரே மிசிசாகாவுக்குத்தான் போறது."

படித்தலைப்பில் மகள் வந்து நின்றாள். முகம் வியர்த்திருந்தது. நான் என்ன செய்யப்போகிறேன் என்று பார்த்துக்கொண்டு நின்றாள்.

"போ பிள்ளை. போய் நடுவிலை நில்" என்றேன்.

அவள் ஓடினாள். வாளி தொடங்கியது. நான் கம்பியைச் சரியான பக்கத்துக்குச் சுற்றினேன். ஒவ்வொரு சுற்றுக்கும் மேலே ஒரு முனகல், ஒரு தெய்யா தெய். கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு, ஒரு கண்ணை மூடி, மற்றக் கண்ணால் மேலே பார்த்தபடி சுற்றினேன். ஏதோ ஒரு சுற்றில் மேலே 'படார்' என்று கதவு திறந்தது. கைதட்டல், கூச்சல். ரீச்சர் வெளியே வந்தும் வாளியை விடவில்லை. இப்போது அது ஹோலில் கேட்டது. இன்னும் இரண்டு சுற்று. தூண் என் கையில் லேசாக ஆடியது. தம்பி அதைக் குழந்தை மாதிரித் தூக்கி ஒரு மூலையில் சாய்த்தான்.

"நான் மேலை போய் ரீ குடிக்கப்போறன், அத்தான்" என்று சொல்லிவிட்டுக் கழன்றான்.

நான் போகவில்லை. மரத்துண்டும் தூணும் நின்ற இடத்தில் இப்போது ஒன்றும் இல்லை. ஆகவே நான் நின்றேன். இரண்டு கையையும் உயர்த்தி, மேலே ஓடும் பலகைச் சட்டங்களில் உள்ளங்கையைப் பதித்து, கால்களை அகட்டி. நான்கு பிள்ளைகளும் ஹோலும் சோபாவும் ரீச்சரும் கீழே வந்தால் எல்லாவற்றையும் நான் பிடித்துக்கொள்ளலாம் என்பது திட்டம். எனக்கு முதுகுப்பிடிப்பு இருந்ததை அப்போது கணக்கில் எடுக்கவில்லை.

ஒன்றும் விழவில்லை. தெய்யா தெய் என்று கால்கள் இறங்க, பலகை என் கைக்குள் மெல்லத் தாழ்ந்து மறுபடி எழும்பியது. தாழ்ந்தது, எழும்பியது. பெரிய மிருகம் ஒன்றின் விலாவில் கைவைத்தது போல. பயந்து பயந்து வீடு முழுக்கக் கரண்டியால் தட்டிக் கேட்டவனுக்கு, வீடு தானே இப்போது தட்டிச் சொன்னது. கொஞ்ச நேரத்தில் உள்ளங்கைக்குக் கணக்குப் பிடிபட்டுவிட்டது. இடது பக்கம் ஒரு மெல்லிய கால். வலது பக்கம் அவசரக் கால். பின்னால் ஒன்று. நடுவில், நேராக என் கைக்குள், துள்ளித் துள்ளி வருவது என்னுடைய பிள்ளை. செத்த சத்தம் போய்விட்டது. நோகிற கால் அப்படித் துள்ளாது.

"அடுத்த சனியும் இஞ்சைதான்!" என்று மேலே ரீச்சர் சொல்வது கேட்டது. பிள்ளைகள் வீரிட்டுக் கத்தினார்கள். தில்லானா மறுபடி முதலிலிருந்து, முன்னையிலும் வேகமாக.

இம்முறை கைக்குள் ஐந்தாவதாக ஒரு தட்டு வந்தது. கனமான தட்டு. எல்லோருக்கும் பின்னால், கொஞ்சம் பிந்தி. நல்ல சந்தோசத்தோடு பிந்தியது. எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. இப்போது நான் கீழ்த்தட்டு நட்டுவனார் அல்லவா?

"பிள்ளை! பின்னாலை ஒரு ஆள் பிந்துது! நீயோ?" என்று கத்தினேன்.

மேலே ஒரே சிரிப்பு. மகளின் குரல் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தது. "அது நான் இல்லை, அப்பா. அது அம்மா!"

அதற்குப் பின்னால் மனைவியின் குரல், சேலையை இடுப்பில் செருகிய குரல். "ஆர் பிந்தினது? கீழை ஒளிச்சு நிண்டு பிழை பிடிக்கிறியளோ? ஏலுமெண்டா மேலை வாங்கோ, பாப்பம்!"

நான் பலகையிலிருந்து முதலில் ஒரு கையை எடுத்தேன். பிறகு மற்றக் கையையும் எடுத்துக்கொண்டு, படிகளில் இரண்டு இரண்டாக ஏறினேன்.